கதவுக்கு வெளியே என் குரல்

ஜூன் 15, 1998. திங்கள்

காலையில் பிஸ்கட் விளம்பரத்துக்கு டப்பிங். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை ‘மொறுமொறு’ என்று சிரித்துக் கொடுத்தேன். முடிந்ததும் ரெமிஜியஸ் சார் கூப்பிட்டார். ஒரு பேய்ப்படம் வந்திருக்கிறதாம். எந்த நாட்டுப் படமோ தெரியாது. கேபிள்காரர்களுக்காகத் தமிழில் பேசித் தர வேண்டும், பேய் நீங்கள்தான் என்றார். எங்கள் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு, வசனம் எழுதுவது, டீக்குச் சொல்வது எல்லாம் அவர்தான். லிங்கராஜபுரத்திலிருந்து மொபெட்டில் வருகிற மனுஷன், வண்டி நிற்கும் முன்பே பேச்சை ஆரம்பித்துவிடுவார்.

பேய் என்றால் மரகதம் என்று ஆகிவிட்டது. என் அலறலைக் கேட்டுக் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு தடவை மேலே ஓடி வந்திருக்கிறார். பெருமையாகத்தான் இருக்கிறது. இதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பேய்ப்படம் பார்த்தால் பயமே வராது. கழுத்து முறிகிற சத்தம் என்பது ஈரத்துணியில் சுற்றி ஒடித்த கேரட். அது தெரிந்த பிறகு எங்கே பயப்படுவது? ரெமி சாரும் இத்தனை வருஷமாக கேரட் ஒடிக்கிறவர்தான், ஆனால் அவருக்குப் பயம் உண்டு. “பேய் வரட்டும் சிஸ்டர், பரவால்ல. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சும் அது போகலைன்னு காட்டுறான் பாருங்க, அங்கதான் எனக்குப் பயம். அப்புறம் யாருகிட்ட போறது?” என்றார்.

ஜூன் 18. வியாழன்

முக்கியமான காட்சி இன்று. அம்மாவைப் பறிகொடுத்த ஒரு சின்னப் பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். நல்ல பகல். வெளியிலிருந்து அம்மா கூப்பிடுகிறாள். பெண் போய்த் திறக்கிறாள். திறந்த கதவு மட்டும் ஆடுகிறது. அவ்வளவுதான், அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று படத்தில் எங்கேயும் இல்லை.

நான் என் சரக்கையெல்லாம் இறக்கினேன். தொண்டையைக் கரகரத்துக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டு. ரெமி சார் டேப்பை நிறுத்திவிட்டார். “ஸ்கூல் டிராமா மாதிரி இருக்கு சிஸ்டர். வீட்டுக்குப் போனா உங்க பாப்பாவ எப்படிக் கூப்பிடுவீங்க? அப்படியே கூப்பிடுங்களேன்.”

கண்ணை மூடிக்கொண்டேன். ஜீவனஹள்ளி வீடு, எங்கள் நீலக் கதவு, கையில் பை, உள்ளே ரக்ஷா ஓடி வருகிற சத்தம்.

“பாப்பா... அம்மா வந்துட்டேன். கதவத் தெறடா கண்ணு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெமி சார் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் புல்லரித்த கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மிச்ச வசனத்தையும் அதே குரலில் பேசினேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே சந்தோஷம்.

ஜூன் 19

அலறாமல் பேசியதற்கே தொண்டை கட்டிவிட்டது. உப்பு வெந்நீரில் கொப்பளித்தேன்.

ஜூலை 11. சனி

மத்தியானம் கேபிளில் போட்டார்கள். இவருக்கு ஃபேக்டரி லீவு. பக்கத்து வீட்டு ஃபாத்திமாவும் வந்திருந்தாள். ரக்ஷா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆறு வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம் என்று நான்தான் தூங்கப் பண்ணியிருந்தேன்.

நான் படத்தைப் பார்க்கவில்லை, இவர்களைத்தான் பார்த்தேன். பேய் வரும்போதெல்லாம் இவர் கைதட்டிச் சிரித்தார், “எம் பொண்டாட்டிடா அது” என்று. ஆனால் ஒரு காட்சியில் அந்தப் பெண்ணின் அப்பன் வேலையிலிருந்து வருகிறான், தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்துப் படுத்துவிடுகிறான், பெண் கதவோடு பேசிக்கொண்டு நிற்கிறாள். அதில் பேயே கிடையாது. அங்கே இவர் சிரிப்பு நின்றுபோயிற்று. “புள்ள மூஞ்சியவே பாக்கல பாரு அந்தாளு” என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ஃபாத்திமாவுக்கு வேறு கவலை. “அரே, பேய் கெடக்குது மரகதம். சுத்தி ஒரு வீடுகூட இல்ல பாரு. கத்துனா யாரு வருவா?”

ஆளுக்கு ஒரு இடத்தில் பயம் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அந்தக் காட்சி வந்துவிட்டது. டிவியில் நான் கூப்பிட்டேன். உள்ளறையிலிருந்து பதில் வந்தது.

“வரேம்மா.”

ரக்ஷா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். டிவி பக்கம் திரும்பவே இல்லை. நேரே வாசல் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளுக்கு எம்பினாள். அப்புறம்தான் நாற்காலியில் இருக்கிற என்னைப் பார்த்தாள். என் வாய் மூடியிருந்தது. குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன்.

ஜூலை 13

பேசும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைப் பார்க்கிறாள். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் இல்லை. சத்தமில்லாமல் வந்து, நான் அங்கே இருக்கிறேனா என்று எட்டிப் பார்க்கிறாள். அது டிவிடா, அம்மா வேலைக்காகப் பேசினது என்று சொன்னேன். தலையாட்டினாள். நம்பவில்லை.

ஜூலை 20. திங்கள்

என்னோடு தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாவற்றுக்கும் கன்னடம். தெருப் பிள்ளைகளோடு பேசிப் பழக்கம், பள்ளியிலும் அதுதான், அதனால் முதலில் நான் கவனிக்கவில்லை. இவர் காரணம் கேட்டிருக்கிறார். “அதக்கெ கன்னட பரல்ல” என்றாளாம். அதற்குக் கன்னடம் வராதாம். ‘அது’ எது என்று இவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். படம் தமிழில்தானே பேசியது.

சரி, நானும் கன்னடத்துக்கு மாறிக்கொண்டேன். பெற்ற பெண்ணிடம் பிஸ்கட் விளம்பரக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன். சிரிப்புத்தான். ஆனால் கன்னடத்தில் கூப்பிட்டால் வருகிறாள், அது போதும்.

ஆகஸ்ட் 3. திங்கள்

எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பள்ளி விட்டதும் நான் வரும்வரை ரக்ஷா ஃபாத்திமா வீட்டில் இருப்பாள். இன்று ஃபாத்திமா தொழுதுகொண்டிருந்தபோது, அங்கே ஆணியில் மாட்டியிருந்த எங்கள் வீட்டுச் சாவியை எடுத்துப்போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் வந்து பார்த்தால் எங்கள் கதவில் சாக்பீஸ் எழுத்து. கன்னடத்தில், கோணல் மாணலாக. நாளே பா.

நாளைக்கு வா. சில வருஷம் முன்பு இந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு இப்படி எழுதி வைத்திருந்தார்கள். வீட்டு ஆள் குரலில் பேய் வந்து கூப்பிடுமாம். எழுத்தைப் படித்துவிட்டு, சரி நாளைக்கு வரலாம் என்று திரும்பிவிடுமாம். யார் சொல்லிக் கொடுத்தார்களோ இவளுக்கு. கன்னடம் வராத பேய்க்குக் கன்னடத்திலேயே எழுதியிருக்கிறாளே என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது.

கன்னடத்தில்தான் கூப்பிட்டேன். பாகிலு தெகி என்றேன், கதவைத் திற என்று. சத்தமே இல்லை. கதவைத் தட்டினேன். உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. அவ்வளவுதான், எனக்குத் தாங்கவில்லை.

“பாப்பா, அம்மாடா! கதவத் தெறடா!”

சொன்ன பிறகுதான் எந்த மொழியில் சொன்னேன் என்று உறைத்தது. அதன் பிறகு நான் என்ன சொன்னாலும் அதுவாகவே இருந்தது. பயப்படாதடா. அது படத்தில் இருக்கிறது. அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன். அதுவும் இருக்கிறது. பூட்டின கதவுக்கு வெளியே நின்று ஒரு அம்மா என்னவெல்லாம் சொல்லுவாளோ எல்லாவற்றையும் நான் முன்பே பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்துவிட்டேன். புதிதாகச் சொல்ல ஒரு வார்த்தை மிச்சமில்லை.

ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. நாளே பா, நாளே பா. பாவாடை நனைந்திருந்தது.

ஃபாத்திமா ஓடிவந்து, “பேட்டா, ஃபாத்திமா ஆன்ட்டி வந்துருக்கேன், தெறம்மா” என்றதும் திறந்தாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

எங் கொரலக் கேட்டு எம் புள்ள ஒண்ணுக்குப் போயிருக்கா. பெருமை அடிச்சிக்கிட்டேனே, பேய்னா மரகதம்னு... நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? வாயத் தெறக்கவே பயமா இருக்கு.

ஆகஸ்ட் 4

கதவில் இருப்பதை நான் துடைக்கவில்லை. அவளே துடைக்கட்டும்.

ஆகஸ்ட் 8. சனி

எல்லாம் என் யோசனைதான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. எப்படிச் செய்கிறோம் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும், எனக்குப் போனதே என்று ரக்ஷாவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன்.

ரெமி சார் சாக்லேட் கொடுத்தார். கேரட்டை அவளையே ஒடிக்கச் சொன்னார். நன்றாகச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அந்தக் காட்சியைத் திரையில் சத்தமில்லாமல் ஓடவிட்டு, மைக்குக்கு முன்னால் நான் பேசிக் காட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்ததும் தமிழில் கேட்டாள்.

“அப்போ அது நீதானா?”

தமிழில் பேசிவிட்டாளே என்கிற சந்தோஷத்தில், “ஆமாடா, நாந்தான்!” என்றேன். ரெமி சார் முகம்தான் முதலில் மாறியது. எனக்கு அதற்கப்புறம் புரிந்தது. இத்தனை நாளும் அவளுக்கு யாரோ ஒருத்தி அம்மா குரலைத் திருடிக்கொண்டு அலைந்தாள். நிஜ அம்மா ஒரு பக்கம் பத்திரமாக இருந்தாள். இரண்டு பேரும் ஒருத்திதான் என்று நானே சாட்சி சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். “கதவத் தெறந்தப்புறம் அந்தப் பாப்பாவ என்ன பண்ணே?”

“அது படத்துல இல்லடா.”

“படத்துல இல்ல. நீ என்ன பண்ணே?”

ஆகஸ்ட் 10

சொன்ன பேச்செல்லாம் கேட்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். நான் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். பொண்ணு அடங்கிட்டா என்கிறார் இவர். கோபம் வந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து நடந்துகொள்கிறாள், இவருக்கு அது தெரியவில்லை.

ஆகஸ்ட் 12. புதன்

தலை வாரும்போது மறுபடி கேட்டாள். என் பிடியில் அவள் தலை இருந்தது, தோள் விறைத்திருந்தது. ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

“அந்தப் பாப்பாவுக்கும் இந்த மாதிரி தலை பின்னி உட்டேன்.”

“அழுதாளா?”

“மொதல்ல கொஞ்சம். அப்புறம் பசிக்குதுன்னா. சோறு ஊட்டுனேன்.”

“இப்ப எங்க இருக்கா?”

“எங்கூடத்தான்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? திரையில் உதடு அசைந்தால் எதையாவது போட்டு நிரப்புகிற பழக்கம். நல்ல பதில் என்றுதான் அப்போது பட்டது. ரக்ஷா திரும்பி என் பின்னால் பார்த்தாள். அங்கே துணிக்கொடிதான் இருந்தது.

ஆகஸ்ட் 20. வியாழன்

தினமும் விசாரிக்கிறாள். இன்றைக்கு அவள் என்ன சாப்பிட்டாள்? பள்ளிக்குப் போவாளா? உன்னோடு பஸ்ஸில் வந்தாளா? நான் சொல்லிக்கொண்டே போகிறேன். அவளைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் மட்டும் ரக்ஷா என் பக்கத்தில் ஒட்டி உட்காருகிறாள், அதனால் நிறுத்த மனசு வரவில்லை. யாரைப் பத்திடி பேசறீங்க என்று இவர் கேட்டார். ஒரு பாப்பா என்றேன்.

அதே படத்தைக் கன்னடத்திலும் கேட்கிறார்களாம், என் குரல்தான் வேண்டுமாம். ரெமி சாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். “அலறணுமா, வரேன் சார். கூப்பிட மாட்டேன்.” அவர் வற்புறுத்தவில்லை.

ஆகஸ்ட் 31. திங்கள்

இன்று வீட்டுக்கு வந்தபோது கதவில் எழுத்து இல்லை. ஈரத்துணியால் துடைத்திருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. ஃபாத்திமா தன் வாசலிலிருந்து, “உள்ளதான் இருக்கா, அவளேதான் போறேன்னா” என்றாள். நான் கூப்பிடவில்லை. தட்டவும் பயம். பையை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே கதவை ஒட்டி மூச்சு கேட்டது.

“கூப்பிடு” என்றாள். தமிழில்.

கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே விதம்தான், அப்படியே கூப்பிட்டேன்.

தாழ்ப்பாள் சத்தம். கதவு திறந்தது. தானே இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள், ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்தில். என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங் கண்ணு, எந் தங்கம், என்னென்னவோ சொல்லிக்கொண்டு தூக்கினேன். ஒன்றுக்கும் பயப்படவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பசிக்குது என்றாள். தட்டைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். என் கையால் வாங்கி எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

கடைசி வாய் ஊட்டும்போது, “ரக்ஷா செல்லத்துக்குப் போதுமா?” என்றேன்.

“ரக்ஷா ஃபாத்திமா ஆன்ட்டி வூட்ல இருக்கா” என்றாள். “நான் அந்தப் பாப்பா.”

விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சோற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடாதபடி என் காதில் சொன்னாள்.

“அவளக் கூப்பிடாத. அவ பயப்படுவா.”

சரிடா, கூப்பிடல என்றேன்.