பூசணிக்காய் விலை

அன்புள்ள எபி அப்பாவுக்கு,

தபீதாள் எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் செம்பாக்கத்தில் சுகம், மழைதான் விடவில்லை. புனே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போனில் சொன்னால் பாதியிலேயே பதில் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். அதனால்தான் கடிதமாக எழுதி, படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன்.

நேற்று டேனியல் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். நம் சபை அறுப்பின் பண்டிகைக்கு நீங்கள் காணிக்கையாகக் கொடுத்து, அவர் ஏலத்தில் எடுத்த நம் கருவி, பெட்டிகூடப் பிரிக்காமல் அலமாரி மேல் இருக்கிறது. தொட்டித் தண்ணீரில் சாக்கடை கலந்தால் கத்துகிற கருவி. அவர் வீட்டில் நிலத்தொட்டியே கிடையாது! கேட்டால், "கோயிலுக்குக் குடுத்தேம்மா, மிஷினுக்கா குடுத்தேன்?" என்று சிரிக்கிறார்.

காணிக்கை என்று பூசணிக்காயே பத்து மடங்கு விலைக்குப் போகிற ஏலம் அது, உங்களுக்குத் தெரியாததா? அங்கே அண்ணன் கொடுத்த தொகையைப் போய், முதல் வாடிக்கையாளர் கொடுத்த விலை என்று சம்பத்திடம் சொன்னீர்கள். அவருக்கு நம் சபை வழக்கம் தெரியாது. கூட்டாளி சொல்கிறாரே என்று நம்பி, முதலீட்டாளர்களுக்கு அனுப்பிய திட்டத்தில் அப்படியே எழுதிவிட்டார்.

அவரிடம் நானே சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள். கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். பிறகு, "ஏன் டீச்சர், பூசணிக்கா ஏலத்த நம்பியா நான் வேலைய விட்டேன்?" என்றார். விலகிவிடலாமா என்றும் யோசிக்கிறாராம்.

நல்ல செய்தியும் உண்டு. குடியிருப்புச் சங்கத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மணி அக்காவிடம் சம்பத் சோதனைக்கு வைத்த கருவி இந்த மழையில் கத்தியிருக்கிறது. திறந்து பார்த்தால் சாக்கடைத் தண்ணீர்! மற்ற தொட்டிகளுக்கும் வேண்டுமாம், பாதி விலைக்கு. "மிஷின் கத்துனது நல்லதுதான் டீச்சர். சம்பத்து சொல்ற விலையக் கேட்டா நான் கத்துவேன்" என்கிறார்.

பள்ளிக் கண்காட்சியில் பிள்ளை செய்த பொம்மையை அதன் அம்மாவே வாங்கினால், அது பொம்மைக்கான விலை இல்லை. சொந்தமில்லாத ஒருத்தி நின்று பேரம் பேசினால்தான் விலை. அம்மணி அக்கா பேரம் பேசுகிறார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அங்கே கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏலக் கதையை முதலீட்டாளர்களிடம் சொல்லிவிடுங்கள். கூடவே அம்மணி அக்காவின் பேரத்தையும் சொல்லுங்கள். அதைக் கேட்டும் எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

அதற்கும் முன்னால் சம்பத்தைக் கூப்பிடுங்கள். காலையிலிருந்து நம் கார் ஷெட்டில்தான் இருக்கிறார். அம்மணி அக்காவுக்காக வேலை செய்கிறாராம், உங்களுக்காக இல்லையாம். போனை மட்டும் எதிரே நிமிர்த்தி வைத்திருக்கிறார்.

கர்த்தர் உங்கள் நாவுக்குத் தைரியம் தரட்டும்.

உங்கள்,
தபீதாள்