அப்பா பார்க்கும் வண்டி

அன்புள்ள நெட்டைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், மாடியில் சித்தப்பா வீட்டிலும் எல்லோரும் நலம், உன் நலத்தோடு உன் புது ஸ்கூட்டரின் நலமும் அறிய ஆவல். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் எங்கே பேசுவது, மணி அடித்தாலே அப்பா எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், எனக்கு வரும் மெசேஜை எனக்கு முன்னால் அவர்தான் படிக்கிறார். அதனால்தான் கடையில் மத்தியானம் ஆள் வராத நேரமாகப் பார்த்து, மூக்குக்கண்ணாடி பிரேம்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ வண்டி வாங்கிவிட்டதை நான் இன்னும் அப்பாவிடம் சொல்லவில்லை. பஸ் ரூட்டை நிறுத்திவிட்டார்கள், அப்பாவின் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று கடை போனில் கூப்பிட்டு என் தலையில் கட்டினாய். கட்டியது கட்டியபடியே இருக்கிறது. நீயும் இப்போதைக்கு வாயைத் திறக்காதே.

ஏன் என்றால் கேள். போன வருஷம் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து நடுரோட்டில் விழுந்ததும், நீ லீவு போட்டு ஓடி வந்ததும், ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் மாறி மாறி உட்கார்ந்திருந்ததும் உனக்குத் தெரியும். நீ திரும்பிப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. டாக்டர் நடக்கலாம், வண்டி ஓட்டலாம், எல்லாம் பண்ணலாம் என்றுதான் சொன்னார். இவர்தான் எதுவும் பண்ணவில்லை. லிப்ட் ரிப்பேருக்கென்று ஊரில் இருக்கும் கட்டிடமெல்லாம் வண்டியிலேயே சுற்றிய மனுஷர், வேலையை விட்டார், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார், ஜன்னலோரம் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது எப்படி இருந்தாரோ சாயங்காலம் வரும்போதும் அப்படியே. சாப்பாடு மூடி வைத்த தட்டில் மூடியபடியே இருக்கும். சித்தப்பா வந்து வாண்ணா, தெரு முனை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம் என்றால், நீ போப்பா, எனக்கு ஒரு வேலை இருக்கு என்பார். என்ன வேலை, நாற்காலியைத் தேய்க்கிற வேலை. போனில் உன்னிடம் மட்டும் கணீரென்று பேசுவார், வைத்ததும் குரல் அப்படியே இறங்கிவிடும். இதை எப்படி உன்னிடம் சொல்வது, அங்கே தனியாக ரத்தப் பரிசோதனைக் குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பெண்ணிடம்.

அப்போதுதான் நீ ஒரு நாள் பேச்சுவாக்கில், ஊருக்குள்ள ஓட்ட சுகமா, விலையும் கட்டுப்படியாகிற மாதிரி எந்த வண்டிப்பா நல்லாருக்கும் என்று கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா. நீ கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய், அவர் போகவில்லை. மறுநாள் நான் வீட்டுக்கு வரும்போது நாற்காலி காலி. செருப்பைக் கழற்றாமலே தெருவில் இறங்கித் தேடினேன். வந்ததும் கேட்டால் வண்டி ஷோரூமுக்குப் போயிருந்தாராம். நம் வீட்டு வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, நீயும் அவரும் ஒரே உயரம், ஒரே அளவு, நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில் உனக்கு ஷூ வாங்கினால் அவர் காலில் போட்டுப் பார்த்துத்தான் வாங்குவோம், ஜீன்ஸ்கூட அவர் இடுப்பில் வைத்துப் பார்த்துத்தான். அதே கணக்கில், எனக்குச் சுகமா இருந்தா என் பொண்ணுக்கும் சுகமா இருக்கும் என்று கிளம்பிவிட்டார். உலகத்தில் எந்த அப்பாவாவது வேறு ஊரில் இருக்கும் மகளுக்காக இங்கே வண்டியில் ஏறி உட்கார்ந்து அளவு பார்ப்பாரா. ஒரு வாரம் வெறுமனே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். பிறகு ஒரு சாயங்காலம் நெற்றியில் வரி வரியாக அச்சு, முடியெல்லாம் படிந்து கிடந்தது. நாள் முழுக்க மூக்கிலும் காதோரத்திலும் கண்ணாடி அழுத்திய தடத்தைப் பார்க்கிறவள் நான், எனக்கா தெரியாது. அது ஹெல்மெட் தடம். ஓட்டியிருக்கிறார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

அதிலிருந்து இதே வேலையாகத் திரிகிறார். கூட்ட நேரத்தில்தான் போவார், காலியான ரோட்டில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான், நெரிசலில் ஓட்டினால்தான் குணம் தெரியும் என்கிறார். நீ லேப்டாப் தூக்கிக்கொண்டு போவாய் என்று உன் பழைய பையில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். ஷோரூமில் ஒரு பெண் பைக்குள்ளே என்ன சார் என்று கேட்டிருக்கிறாள், இவர் திறந்து காட்டியிருக்கிறார், அதிலிருந்து அங்கே அவருக்கு இஸ்திரி சார் என்று பெயர். நான் ஒரு மாதமாகச் சுருங்கின சேலையைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். ராத்திரி சாப்பிடும்போது பிரசங்கம் நடக்கும். இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும், நுனி விரல் மட்டும் பட்டால் சிக்னலில் கால் கடுத்துப் போகும். கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்க வேண்டும், குனிந்து பிடிக்கிற வண்டி படத்தில் பார்க்கத்தான் அழகு. சீட்டில் கால் மணி நேரமாவது உட்கார வேண்டும், இரண்டு நிமிஷத்துக்கு எந்த சீட்டும் மெத்தைதான். பின்னால் தள்ளி நிறுத்திப் பார்க்காமல் வண்டி வாங்கவே கூடாது. கியர் வண்டி என்றால் கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது கை ஓய்ந்துபோகும், ஊருக்குள் ஸ்கூட்டர் போதும். வாங்குகிற விலையை மட்டும் பார்க்கிறவன் ஏமாளி, பெட்ரோலும் சர்வீசும் சேர்ந்ததுதான் விலை. இதையெல்லாம் எழுதும்போது எனக்கு உன் வண்டிதான் கண்முன் நிற்கிறது. நிறம் பிடித்தது என்று வாங்கிவிட்டாய், உன் உயரத்துக்கே கால் நுனிதான் தரையில் படுகிறது என்றும் சொன்னாய். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று நான் அவரிடம் கேட்கவும் முடியவில்லை.

இப்போது புரிகிறதா என் சங்கடம். வாங்கிவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த ஓட்டம் நின்றுவிடும், மனுஷர் மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் சொல்வதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால் நீ ஒன்று செய், போனில் பேசும்போது அடுத்தடுத்து ஏதாவது சந்தேகம் கேள், டயர் அகலமா ஒல்லியா என்று எதையாவது கேட்டு வை. யாரோ கண் பரிசோதனைக்கு வந்திருக்கிறார்கள், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

நெட்டை, நேற்று அங்கே நிறுத்தியது. இன்று மறுபடி உட்கார்ந்திருக்கிறேன், மேலே எழுதியதை அடிக்கவில்லை, நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா. நேற்று ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டே, அவ என்ன வண்டி வாங்கியிருக்கா என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்குக் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. நீ வீடியோவில் பேசியபோது உனக்குப் பின்னால் அலமாரி மேல் புது ஹெல்மெட் இருந்ததாம், கவர்கூடப் பிரிக்கவில்லையாம், பஸ்ஸில் போகிறவளுக்கு ஹெல்மெட் எதற்கு என்று அன்றைக்கே தெரிந்துகொண்டாராம். மூன்று வாரம் ஆகிறது. நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி மூன்று வாரமாக ஒரே வீட்டில் நடித்திருக்கிறோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கால் நுனி விஷயத்தையும் சொன்னேன். அவருக்குக் கோபமே வரவில்லை. சீட்டுப் பஞ்சைக் கொஞ்சம் செதுக்கச் சொல்லு, முன்பக்கம் மட்டும் குறைச்சாப் போதும், அந்த வண்டி மோசமில்லை என்றார். அவ்வளவுதான்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் மூன்று வாரமாக யாருக்கு வண்டி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, முன் சீட்டு எல்லாம் நான் பாத்தாச்சு, நீ உக்காரப் போற பின் சீட்டு எப்படி இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது, நாளைக்குக் கடைக்கு அரை நாள் லீவு சொல்லு என்றார். இன்று காலை போனோம். ஏறுவதற்கு முன்னால் நான் வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தேன். போன வருஷம் அவர் நம் பழைய வண்டியோடு விழுந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவரைத் தேடிக்கொண்டு நின்றவள் நான், அதற்குப் பிறகு நான் எந்த வண்டியிலும் உட்காரவில்லை. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். முதுகில் கை வைத்திருந்தேன், சட்டைக்குள்ளே மூச்சு போய் வருவது தெரிந்தது. சிக்னலில் நின்றபோது இரண்டு காலையும் முழுசாகத் தரையில் ஊன்றிக்கொண்டு, திரும்பாமலே, உனக்கு வசதியா இருக்கா என்று கேட்டார். உன்னைப் பெற்றபோதுகூட இந்த மனுஷர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வசதியாக இருக்கிறது என்று முதுகில் தட்டிக் காட்டினேன். பச்சை விழுந்தது, போய்விட்டோம்.

வண்டியை இன்னும் வாங்கவில்லை. இதில் பின்னால் பிடிக்கக் கம்பி சரியில்லையாம், இன்னும் இரண்டு பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும். நீ இந்தக் கடிதம் கிடைத்ததும் நேராக அவரையே கூப்பிட்டு உன் வண்டியைப் பற்றி முழுசாகச் சொல், வண்டிப் படத்தையும் அனுப்பு, நிறத்துக்காக வாங்கினேன் என்பதையும் மறைக்காதே, கொஞ்சம் திட்டுவார், வாங்கிக்கொள். சீட்டை இந்த வாரமே செதுக்கிவிடு. ஹெல்மெட்டின் கவரைப் பிரித்துத் தலையில் மாட்டு, வாரைப் பூட்டு. மழையில் ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடிக்காதே. இரவு வேலை முடிந்து தூக்கக் கலக்கம் இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போ, காசு பார்க்காதே. எங்கே போனாலும் போன காலோடு, விழாமல், நோகாமல், சிரித்த முகமாக வீடு வந்து சேர வேண்டும் என் ராசாத்தி. உனக்கு எங்கள் இருவருடைய ஆசிகளும் முத்தங்களும்.

இப்படிக்கு,
இப்போதைக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா