இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

வெள்ளவத்தை,
16.10.2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நிமலன் எழுதுகிறேன். எனக்கு நல்ல சுகம். பாதை பூட்டியிருப்பதால் கப்பலில் அனுப்பிய உங்கள் முழங்கால் மருந்து வந்து சேர்ந்ததா?

ஞாயிறு காலை பொலிஸ் வந்து அறைகளைச் சோதித்தது. வழக்கமான சோதனைதான், பயப்படாதீர்கள். நான் மடிக்கணினியில் அலுவலக வேலையாக இருந்தேன். பொலிஸ்காரர் குனிந்து பார்த்த நேரம் என் விரல் ஏதோ விசையில் பட்டு, நான் எழுதிக்கொண்டிருந்த கணினி நிரலைச் சுற்றியிருந்த கோப்புப் பட்டியல், பிழைப் பட்டியல் எல்லாம் திரையிலிருந்து மறைந்துவிட்டன.

“மொனவத ஹங்குவே?” என்றார். எதை ஒளித்தாய் என்று கேட்கிறார்.

மெனுவில் போய் எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தேன். ஆனால் அவை கம்பனி வைத்த ஒழுங்கில் வந்தன. என் வசதிக்கு நான் இடப்பக்கம் மாற்றி வைத்திருந்த கோப்புப் பட்டியல் இப்போது வலப்பக்கம் நின்றது. அவர் அதையும் கவனித்துவிட்டார். வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருக்க, திரையிலிருந்த பட்டியல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். சற்று விலகினாலும் அது வேறெங்காவது போய் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் “ஹரி”, சரி என்று சொல்லிப் போய்விட்டார்.

வீட்டுக்கார அன்ரி தேத்தண்ணி கொண்டுவந்து, “தம்பி, இனி ஒண்டையும் மாத்தி வைக்காதையும். தந்த மாதிரியே இருக்கட்டும்” என்றார்.

இப்போது திரையை மறுபடியும் கம்பனி தந்தபடியே மாற்றிவிட்டேன். அறையும் அன்ரி தந்தபடியே இருக்கிறது, ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

கடிதம் கொண்டுவரும் தில்லைநாதன் மாமா வாசலில் அவசரப்படுத்துகிறார். உங்கள் படம் ஒன்று அவரிடம் கொடுத்துவிடுங்கள், அம்மா. சிறிய படமாக இருக்கட்டும். அடையாள அட்டைக்குப் பின்னால் மறைகிற அளவு போதும்.

உங்கள் மகன்,
நிமலன்