எண்ணிலிருந்து பெயருக்கு

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸ் சர்வர் என் தலையில் விழுந்து இன்றோடு இரண்டு மாதம். என் கணவருக்குப் பக்கவாதம் வந்தும் அதே இரண்டு மாதம். அவர் கட்டிக் காத்த சர்வர்; உதவியாக இருந்த நான் இப்போது தனியாக மாரடிக்கிறேன்.

ஒரு கணினியின் பெயரைக் கொடுத்தால் அதன் நெட்வொர்க் எண்ணைச் சொல்கிறது. எண்ணைக் கொடுத்து “இது யாருடைய கணினி?” என்றால் முழிக்கிறது. தன் சொந்த எண்ணுக்கே “தெரியாது” என்கிறது. மேனேஜர் எரிந்து விழுந்தார். “ரிப்போர்ட் பூரா வெறும் நம்பரா இருக்கு. இத வச்சு நான் யாரப் போய்க் கேக்கறது?”

வெள்ளிக்குள் சரிசெய்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

அவரைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். எண்கள் கடகடவென்று வருகின்றன, பெயர்கள்தான் வருவதில்லை. பயிற்சி கொடுக்கும் அம்மா என்னைக் காட்டி, “இவங்க யாரு?” என்றார். இவர் என்னையே பார்த்தார். நெற்றி வியர்த்தது. பிறகு என் செல்போன் எண்ணை ஒரு இலக்கம் பிசகாமல் சொன்னார்.

அந்த அம்மா கைதட்டினார். எனக்கு அழுகை முட்டியது. அத்தன நம்பர் ஞாபகம் இருக்கு, நான் யாருன்னு ஒரு வார்த்த வரலையா? பாவம் – அவர் என்ன வேணும்னா பண்றாரு? எழுதிவிட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

எண்ணிலிருந்து பெயர் தேடும் ரிவர்ஸ் பகுதியை சர்வரில் உருவாக்கினேன். அதில் நெட்வொர்க் எண் தலைகீழாக இருக்கும் என்று அவர் எப்போதோ சொன்ன நினைவு. அக்கறையாகத் திருப்பியே அடித்தேன். ஒரு கணினிகூட வந்து பதியவில்லை. தெரியாது, தெரியாது, தெரியாது.

ஜூன் 6, வெள்ளி

காலையில் திரையை அச்செடுத்த தாளைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். நான் அடித்த 20, 168, 192 என்ற எண்மேல் விரலை வைத்து, வாய் ஒரு பக்கமாகக் கோண, சிரித்தார். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு! இடது கையால் பேனாவை வாங்கி, கோணல்மாணலாக எழுதினார்: 192, 168, 20. நேராக.

அப்போதுதான் உறைத்தது. நேராகக் கொடுத்தால் திருப்புகிற வேலையை சர்வரே செய்துகொள்ளும். நானும் திருப்பினேன், அதுவும் திருப்பியது. வெளங்கும்!

ஆபீசில் பழையதை அழித்துவிட்டு நேராகப் போட்டேன். மதியத்துக்குள் எல்லாக் கணினிகளும் பெயர் சொல்லின. சர்வரும்தான்.

ஜூன் 9, திங்கள்

மேனேஜரிடம் தவறு என்னுடையது, கண்டுபிடித்தது அவர் என்று சொன்னேன். “அப்ப அரை நாளாச்சும் வரச் சொல்லும்மா” என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

அவர் சட்டைகளை எல்லாம் இஸ்திரி போட்டேன். தொளதொளவென்று இருக்கும். இளைத்துவிட்டார்.

ஜூன் 16, திங்கள்

கைத்தாங்கலாக ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். வரவேற்பில் புதிதாக ஒரு பெண். இன்றுதான் சேர்ந்திருக்கிறாள், எங்களைத் தெரியாது. வருகை நோட்டைத் திறந்து அவர் பெயரைக் கேட்டாள். ஆபீஸ் அடையாள அட்டையைக் காட்டினார். “கூட வந்திருக்கறவங்க யாரு சார்?” என்றாள்.

வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று பயிற்சி அம்மாவின் உத்தரவு. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “வீ...” என்றார். மூச்சு வாங்கியது. “வீடு.”

வீட்டுக்காரி என்று வரவேண்டியது பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பெண் பேனாவோடு மீதிக்குக் காத்திருந்தாள்.

“அவ்ளோதான். அப்படியே எழுதிக்கம்மா” என்றேன்.