நம்பர் சீட்டின் பின்பக்கம்

அன்பு மனைவி ஜஹீதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நலம். வாப்பாவின் முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்பாய். அதனால் ஊருக்குப் போகும் சரக்கோடு இதை அனுப்புகிறேன்.

போன ஞாயிறு எங்கள் ஓட்டக் கிளப் மார்கழிப் பனியில் மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை போட்டியில் ஓடியது. அடையாறு பாலம் ஏறும்போது கூட ஓடிய ஸ்ரீரங்கன் நெஞ்சைத் தடவினார். "இன்னா சார்?" என்றேன். "கேஸ்தான் பாய். நேத்து ஆத்துல வடை. நீங்க போங்கோ" என்று சிரித்தார். போனேன். பாலம் இறங்கித் திரும்பிப் பார்த்தால் அவரைச் சுற்றிக் கூட்டம்.

சட்டையில் குத்தும் நம்பர் சீட்டின் பின்னால், அவசரத்துக்கு அழைக்க ஒரு போன் நம்பர் எழுதணும். அவர் எழுதவில்லை. எங்களுக்கும் அவர் வீட்டு நம்பர் தெரியாது. அவர் மனைவிக்குச் சேதி போக மத்தியானம் ஆச்சு. மனுஷன் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

வரும் ஞாயிறு கிளப்புக்கு அடுத்த போட்டி. நாலு பேர் மட்டும் ஓடும் அணியில் அவர் இடத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள். தயங்கினேன். "இன்னா பாய், பயமா கீதா?" என்று கிளப்பில் நக்கல். ஒத்துக்கொண்டேன்.

பாலம் ஏறினால் எனக்கும் நெஞ்சில் லேசாகப் பிடிக்குது. வாயுதான். தனியாக உட்கார்ந்து தின்றால் எது செரிக்கும்? நீ இடித்த சுக்குப்பொடி அனுப்பு. இங்கே விற்பதில் பாதி மாவு, வியாபாரி எனக்குத் தெரியாதா?

லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார். இதுவரை சீட்டின் பின்னால் கடை நம்பரைத்தான் எழுதுவேன். இந்த முறை உன் நம்பரை எழுதியிருக்கிறேன். தெரியாத நம்பர் என்றால் நீ போனை எடுக்க மாட்டாய். ஞாயிறு காலை மட்டும் எடு.

உன் ஹபீபுர் ரஹ்மான்