கொடிக்கோபுரத்தை இரண்டு முறை ஏறிய விவரம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் சின்னவளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், அம்மா சுகம், அம்மாவின் இடது முட்டி மட்டும் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை, காரணம் போகப் போகத் தெரியும். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எழுதும் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைப்பாய். போனில் நீ பேச ஆரம்பித்தால் என் வாய் தானாகச் சரி சரி என்று சொல்லிவிடுகிறது, வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசிக்கிறேன். காகிதத்தில் அந்த ஆபத்து இல்லை. நடுவில் புகுந்து, அப்பா நான் சொல்றதை முழுசாக் கேளுங்க என்று நீ சொல்ல முடியாது. இந்தத் தடவை நீ முழுசாகக் கேள்.

முதலில் இரண்டாம் மாடி அம்மாள் உனக்குப் போன் செய்த விஷயம். எங்கள் கட்டிடமே அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்திருப்பது சும்மா இல்லை. உங்க அப்பாவும் அம்மாவும் பழைய துறைமுகத்துல ஒரு கதவுல இருக்கற ஆணியை எண்ணிக்கிட்டு நிக்கறாங்க தம்பி, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கழண்டுடுச்சு போல, சீக்கிரம் ஏதாவது பண்ணு என்று சொன்னாளாமே. கழண்டது நீங்கலாக மற்றதெல்லாம் உண்மை. ஆனால் எண்ணச் சொன்னவன் யார்? நீதான். வீடு மாறுவதற்கு முன்னாடி ஊரை ஒரு தடவை நல்லாச் சுத்திப் பாத்துடுங்க என்று போனில் ஏற்றிக் கொடுத்தாயே, அந்தப் புதிர் நடைதான் அது. யாரோ ஒரு கப்பல் தலைவன் விட்டுப்போன பெட்டியைத் திறக்க வேண்டும், கூட்டிப் போக ஆள் கிடையாது, போன் ஒரு இடத்துக்குப் போகச் சொல்லும், அங்கே ஒரு கேள்வி கேட்கும், விடை சரியென்றால் அடுத்த இடத்தைச் சொல்லும். மொத்தம் எட்டு இடம். மூன்று தடவை தப்பாகச் சொன்னால் பெட்டி ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும். வழியனுப்பு விழா மாதிரி இதை நீ அனுப்பியிருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது, அம்மாவுக்கும் புரிந்திருக்கிறது, அவள்தான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை துணியெல்லாம் மொட்டை மாடியில் உலர்த்திவிட்டுக் கிளம்பினோம். அம்மாவின் பையில் தண்ணீர், கண்ணாடி, முட்டிக்குத் தடவும் தைலம், கூடவே நீ அனுப்பிய படிவம். அம்மாவின் முட்டிக்கு மூன்றாம் மாடி ஆகாது என்று, வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு ஊருக்கு வெளியே முதியோர் குடியிருப்பில் நீ பார்த்து வைத்திருக்கும் தரைத்தள வீட்டுக்குப் போகச் சம்மதம் என்கிற படிவம். வீடு எங்கள் இருவர் பேரிலும் இருப்பதால் இரண்டு கையெழுத்து வேண்டும். என்னுடையதை நீ போனில் சொன்ன அன்று ராத்திரியே போட்டுவிட்டேன், அதுவும் வளைத்து வளைத்து அழகாக. அம்மா நடை முடிந்ததும் தபால் ஆபீஸ் ஜன்னலிலேயே போட்டுக்கறேன் என்றாள். வேண்டாம் என்று அவள் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியும் இந்தப் பாடம் எனக்கு ஏறவில்லை பார்.

அந்தத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணின குமாஸ்தா நான், எனக்குத் தெரியாத இடமா என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன். முதல் கேள்வி, பழைய சரக்குக் கிடங்கின் வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கியிருப்பது என்ன? அந்த வாசலில் உட்கார்ந்து எத்தனையோ ஆயிரம் தடவை மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். மேலே பார்க்காமலே கப்பல் என்று அடித்தேன். போனுக்குள் இருக்கும் பெண் தேன் குரலில், தவறு, மீண்டும் முயலுங்கள் என்றாள். நிமிர்ந்து பார்த்தால் மீன்! வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்துச் சிரிக்கிறது. முப்பத்தொரு வருஷமா உங்க சோத்தைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு, நீங்க ஒரு தடவை அதைப் பாக்கலை, பாவம் என்றாள் உன் அம்மா. அதற்கப்புறம் போன் அவள் கைக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை.

இரண்டாவது இடம்தான் அந்த ஆணிக்கதவு, ரேடியோ எங்களைப் பார்த்ததும் அங்கேதான். கயிறு விற்கிற தெருவில் ஒரு மூலையில் பீரங்கியைத் தலைகீழாக நட்டு வைத்திருக்கிறார்கள், கப்பலைக் கயிறு போட்டு நிறுத்துவதற்காம், அதன் மேல் நான் செருப்புத் தூசியைத் தட்டியிருக்கிறேன், பீரங்கி என்று அன்றைக்குத்தான் தெரியும். நாலாவது இடத்தில் அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எட்டி அவள் கையிலிருந்த போனிலேயே இன்னொரு தப்பு விடை அடித்தேன், ஆக இரண்டு தப்பு, இரண்டும் என் கணக்கில். அதற்கப்புறம் நான் ஐந்தடி பின்னால் நடக்க வேண்டும் என்று உத்தரவு. உன் அம்மாவை அப்படி நான் பார்த்து ரொம்ப நாளாகிறது, தெரியுமா. சுவரைத் தட்டுகிறாள், கடைக்காரரை அதட்டி அவர் பலகையை நகர்த்தச் சொல்லிக் கல்வெட்டைப் படிக்கிறாள், பழைய கண்ணாடியைக் கழற்றிப் புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறாள். முட்டி எப்படி இருக்கு என்று நடுவில் கேட்டேன். முட்டியை விடுங்க, ஆறாவது எங்கே என்றாள்.

எட்டாவது, கடைசி இடம், அலைதடுப்புச் சுவரின் நுனியில் இருக்கும் கொடிக்கோபுரம். அந்தக் காலத்தில் கப்பலுக்குக் கொடி காட்டின இடம், இப்போது யார் வேண்டுமானாலும் ஏறலாம், யாரும் ஏறுவதில்லை. கேள்வி ஒரே வரி: கீழ்வாசலிலிருந்து கொடிமேடை வரை எத்தனை படி? நான் உடனே குறிப்புப் பொத்தானை அழுத்திடலாம், கடைசியில் கொடுக்கிற ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றுதானே போகும் என்றேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், முப்பத்தொரு வருஷம் எண்ணின மனுஷனுக்குக் குறிப்பா, வெளியில சொல்லாதீங்க, நாலு பேர் சிரிப்பாங்க என்றாள், சொல்லிவிட்டு அவளே முன்னால் ஏற ஆரம்பித்துவிட்டாள். எழுத வேறு காகிதம் இல்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்துத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பத்துப் படிக்கு ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே ஏறினோம். ஆறு தடவை உட்கார்ந்தாள். ஏழு தடவை நான் உட்கார்ந்தேன், அவளுக்குத் துணையாக என்று எழுதலாம் என்றிருந்தேன், அவள் பக்கத்தில் நின்று படிக்கிறாள், வேண்டாம்.

மேலே போய்ச் சேர்ந்ததும் என் கணக்கு நூற்று நாற்பத்தொன்று. அவள் கணக்கு நூற்று நாற்பத்திரண்டு. இன்னொரு தப்பு விடைக்கு இடமில்லை, பெட்டி பூட்டிக்கொள்ளும். என் வேலையில் கப்பல் பக்கம் ஒருத்தன், துறைமுகம் பக்கம் ஒருத்தன் என்று இரண்டு பேர் எண்ணுவோம், இரண்டு கணக்கும் ஒத்தால்தான் தாளின் அடியில் எண்ணிப் பார்த்தோம், சரி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம், ஒன்று குறைந்தாலும் முதலிலிருந்து மறுபடியும். அதனால் நீ இங்கேயே உட்கார், நான் மட்டும் இறங்கி ஏறி வருகிறேன் என்றேன். அவள் உட்காரவில்லை. நீங்க தனியா எண்ணினா உங்க கணக்குதாங்க வரும் என்றாள்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அங்கிருந்து நம் மொட்டை மாடி தெரிகிறது, காலையில் அவள் உலர்த்தின மஞ்சள் போர்வை படபடவென்று அடித்துக்கொள்வதுகூடத் தெரிகிறது. அதோ நம்ம போர்வை என்றாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, புது வீட்டுப் பாத்ரூம்ல சிவப்பா ஒரு பொத்தான் இருக்காமே, அமுக்கினா நர்ஸ் வருவாங்களாமே என்றாள். ஆமாம் என்றேன். எனக்கு ஐம்பத்தாறு வயசுங்க, நான் எதுக்கு அதை அமுக்கப்போறேன் என்றாள். அவனும் என்னைக் கேக்கலை, நீங்களும் கேக்கலை, ரெண்டு பேரும் என் முட்டியைத்தான் கேட்டீங்க, அதுவும் பாவம் ஒண்ணும் சொல்லலை, வலிக்குதுன்னு மட்டும்தான் சொல்லிச்சு என்றாள். இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமாளித்திருப்பேன். பருப்பு வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். போட்டு வைத்த என் வளைவுக் கையெழுத்து அந்தத் தாளின் மறுபக்கத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்து அந்தக் கல்மீன் மாதிரியே சிரித்தது.

இறங்கினோம். மறுபடியும் ஏறினோம். ஆமாம், படிப்பது சரிதான், இரண்டாவது தடவையும் அவள் ஏறினாள், கைப்பிடியை ஒரு கையிலும் என் சட்டையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு. தப்பு எங்கே என்று கீழே முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. வாசலில் ஒரு கல் தேய்ந்து தரையோடு தரையாக, இரண்டு விரல் உயரம்தான் நிற்கிறது, நான் அதைப் படி என்று எண்ணவில்லை, தாண்டிப் போய்விட்டேன். இது படியே இல்லை, வாசல் என்றேன். உங்களுக்கு அது வாசல், என் முட்டிக்கு அது படி என்றாள். அப்போதே ஒத்துக்கொண்டிருந்தால் மிச்சத்தை ஏறியிருக்க வேண்டாம், ஆனால் முழுக்க எண்ணாமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை எனக்கு, படிவம் ஒன்றைத் தவிர. மேலே போய் நூற்று நாற்பத்திரண்டு என்று அடித்தோம். பெட்டி திறந்தது, போனுக்குள் மேளம் கொட்டியது, ஐந்து நட்சத்திரமும் வந்தது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்காதே, நாங்கள் பார்க்கவில்லை, அம்மா படிவத்தைத் திருப்பிக் கைப்பிடி மேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் 142 என்று இருக்கும், எண் பெரிதாக இருக்கும், கட்டத்துக்கு வெளியேயும் வந்திருக்கும். பக்கத்தில் என் கையெழுத்தை நானே குறுக்கே அடித்திருக்கிறேன், அதையும் வளைத்து வளைத்து. நம் வீட்டு மூன்றாம் மாடிக்கு ஐம்பத்து நான்கு படிதான், அதையும் அன்று சாயங்காலம் இருவருமாக எண்ணினோம், ஒத்துவந்தது.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். அதனால்தானே அப்பா முட்டி வீங்கிச்சு என்பாய். வீங்கித்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. எலும்பு டாக்டர் என்னைத்தான் திட்டினார், ஒரு நாளில் இரண்டு தடவை கோபுரம் ஏறுவது வயசானவன் செய்கிற காரியமா, வயசுப் பையன் செய்கிற காரியமா என்று. பின்னால் ஒரு நாள் அறுவை தேவைப்படலாம் என்றும் சொன்னார். அன்னைக்குப் பாத்துக்கலாம், என்னைக் கேட்டுட்டுப் பண்ணுங்க என்றாள் உன் அம்மா, டாக்டர் மருந்துச் சீட்டை அவள் கையிலேயே கொடுத்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டுவிட்டேன், அவள் உட்கார்ந்து ஏறட்டும். அது சரியாக ரேடியோவின் கதவுக்கு எதிரே வருகிறது, உன் அம்மாவுக்காக நான் செய்த தியாகங்களில் அதுதான் பெரியது. கீழ்வீட்டுத் தையல்காரர் ஆடுகிற கைப்பிடியை இறுக்கித் தந்தார், மீசைக்குப் புதுசாகச் சாயம் அடித்திருக்கிறார், யாருக்காக என்று ரேடியோவிடம் கேட்டு எழுதுகிறேன்.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லையடா. பயப்படுகிறாய், தூரத்தில் இருப்பவனுக்குப் பயம் பெரிசாகத்தான் தெரியும். ஆனால் நாங்கள் வரவில்லை. இதில் யோசிக்க, பேச, பொறுமையாகப் பார்க்க ஒன்றும் இல்லை. அந்தத் தரைத்தள வீட்டுக்காரரிடம் நீயே சொல்லிவிடு, சொல்லக் கூச்சமாக இருந்தால் உன் அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்கிறேன், இப்போது அவளுக்கு நல்ல வேகம் இருக்கிறது.

நின்றுகொண்டே சாப்பிடாதே, முதுகு வலி போகாது. சின்னவளை நடக்க விடு, எப்போது பார்த்தாலும் வண்டியில் உட்கார்த்தி வைக்காதே. மருமகளிடம் அம்மா தனியாகப் பேசுவாளாம், என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. மறக்காமல் ஒன்று செய், அடுத்த விடுமுறைக்கு விளையாட்டை அனுப்பாதே, நீயே வா. கோபுரத்துக்கு உன்னை முன்னால் ஏற விடுகிறோம், எண்ணு, நூற்று நாற்பத்தொன்று என்று மட்டும் சொல்லிப் பார். மூவரும் நோய் நொடியில்லாமல், மனசு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

எண்ணிப் பார்த்தோம், சரி.

உன் அப்பா

உன் அம்மா (நானேதான் போட்டேன்)