கட்டையா வெட்டுங்கோ

அன்புள்ள அம்மாவுக்கு,

இறுப்பிட்டியில நீங்களும் அப்பாவும் சுகமோ? முழங்கால் நோ குறைஞ்சிட்டுதோ?

நான் சுகம். போன கிழமை ஒரு கலியாணத்துக்கெண்டு இஞ்ச லண்டனில நகம் அழகாக்கிற கடைக்குப் போனனான். அங்கை வேலை செய்யிற பிள்ளை கேட்டதெல்லாத்துக்கும் விளங்காமலே ஓமெண்டு தலையாட்டினன். நீட்டுச் சிவப்பு நகம் ஒட்டிவிட்டாள். அடுத்தநாள் நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில ஒரு வயசான மனிசியைக் குளிப்பாட்டேக்கை அவவின்ர தோளைக் கீறிப்போட்டன். சின்னக் கீறல்தான், பயப்பிடாதேங்கோ. ஆனால் எனக்கு மனம் ஒரு இடத்தில நிக்கேல்லை. வேலை முடிய நேரே கடைக்குப் போய், "இதைக் கழட்டுங்கோ. கட்டையா வெட்டி வட்டமா அராவுங்கோ. நிறம் வேண்டாம்" எண்டு தெரிஞ்ச இங்கிலீசில விரலைக் காட்டிக் காட்டிச் சொன்னன்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே" எண்டாள்.

வந்து மூண்டு வருசத்தில எனக்கு வேண்டியதை வாய்திறந்து கேட்டது அண்டைக்குத்தான். உங்களிட்டையும் ஒண்டு கேக்கிறன். ஞாயிற்றுக்கிழமை நான் போன் எடுத்தால், பிள்ளைக்கு வேலையிருக்குமெண்டு கெதியா வைக்காதேங்கோ. கொஞ்சநேரம் கதையுங்கோ.

பஸ் வருது, நிப்பாட்டுறன்.

உங்கட மகள்
தாரிகா